பதினொரு பங்குக் கிணறும் பதினாறு பங்கு ஷெட்டும்

ஏன் கண்ணு, நன்றாக இருக்கிறாயா? பெங்களூரில் மழை என்று டிவியில் காட்டினார்கள். உனக்குச் சின்ன வயதிலிருந்தே மழைத் தண்ணீர் காதில் போனால் மூன்று நாளைக்கு வலிக்கும். பஞ்சு வைத்துக்கொள்கிறாயா? மருமகளுக்கு இருமல் நின்றுவிட்டதா? இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். அவளுக்கு முழங்கால், எனக்கு முதுகு. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்திருக்க வேண்டியிருந்தால் யார் முதலில் எழுந்து யாரைத் தூக்குவது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

போனில் சொல்லாமல் எதற்கு உட்கார்ந்து எழுதுகிறான் கிழவன் என்று நினைப்பாய். போனில் உனக்கு நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் இன்னொரு போன் வந்துவிடுகிறது. அதோடு, நான் சொல்ல வந்ததைச் சொல்ல எனக்குச் சுற்றிக்கொண்டுதான் வரத் தெரியும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டி எழுத மூன்று நாளாகிறது. ஷெட்டு ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் வாடகைக்காரர்கள் கட்டிங் மெஷின் ஓட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பங்குக்காரர்கள் எல்லோரும் இங்கே வருகிறார்கள், நீ வேலை பார்க்கிற டிரஸ்டுக்கு ஷெட்டை எழுதிக்கொடுப்பதா வேண்டாமா என்று பேச. அதற்கு முன்னால் உனக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் உனக்கு வரவேண்டியது குறையும். அதனால்தான் முதலில் உனக்குச் சொல்கிறேன்.

போன வாரம் நீ எனக்கு விளக்கிச் சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று பார்த்துக்கொள். உங்கள் டிரஸ்ட் ஊர் ஊராகக் கட்டடம் வாங்குகிறது, வாடகைக்கு விடுகிறது. அதில் ஆயிரக்கணக்கான பேர் யூனிட் என்று சின்னச் சின்னப் பங்கு வைத்திருக்கிறார்கள். செலவு போக மிஞ்சுகிற வாடகையில் நூற்றுக்குத் தொண்ணூறு ரூபாயை அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். நான் உன்னிடம் முதலில் ஒன்று கேட்டேன்.

“ஏங்கண்ணு, வந்ததெல்லாம் குடுத்துப்போட்டா அடுத்த கட்டடம் எதுல வாங்குவீங்க?”

நீ சிரித்தாய். “அதுதானுங்கப்பா வேலையே. கையில நிக்கறது கொஞ்சம். அது ரிப்பேருக்குச் சரியாப் போயிரும். வளரணும்னா கடன் வாங்கோணும், இல்லீனா புதுசா யூனிட் போட்டு விக்கோணும், இல்லீனா பழைய கட்டடம் ஒன்ன வித்துப்போட்டு நல்லதா வேறொன்னு வாங்கோணும். இந்த மூணுதான் வழி.”

நீ பெரிய படிப்புப் படித்துத் தெரிந்துகொண்ட மூன்று வழியிலும் நான் நம் ஊர் நெருப்பெரிச்சலில் செருப்புத் தேய நடந்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு குழி இருக்கிறது. புதுப் பங்கு போடுகிற குழியில் விழுந்தது நான் இல்லை, நான் ஒருத்தியைத் தள்ளிவிட்டேன்.

கிணற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், சலித்துக்கொள்ளாதே. உனக்கு அந்தக் கிணறு குப்பை கொட்டுகிற குழியாகத்தான் தெரியும். அது பதினொரு பங்குக் கிணறு. பதினொரு குடும்பத்துக்கும் முறை உண்டு. இன்றைக்கு என் முறை என்றால் பொழுது சாய்வதற்குள் கிணற்றில் இருக்கிற தண்ணீர் முழுவதையும் என் காட்டுக்கு இறைத்துக்கொள்வேன். நாளைக்கு அடுத்தவன். ராத்திரியில் ஊறுவது அவனுக்கு. கிணற்றில் யாரும் தண்ணீர் மிச்சம் வைக்கமாட்டார்கள். வைத்தால் அது அடுத்தவனுக்குத்தான் போகும். ஊறினது அன்றைக்கே பாய வேண்டும் என்பதுதான் கிணற்று வழக்கம். எங்கள் அப்பன் காலத்திலும் அப்படித்தான், அதற்கு முன்னாலும் அப்படித்தான். ஒரு முறை உன் பெரியப்பன், எனக்கு மூத்தவன், காய்ச்சலில் படுத்துவிட்டான். அவன் முறை வீணாகக் கூடாது என்று இன்னொரு பங்குக்காரன் கருப்பணன் போய் அந்தத் தண்ணீரைத் தன் சோளத்துக்குப் பாய்ச்சிக்கொண்டான். சண்டை வந்தது. “நா உங்க தண்ணியத் திருடலீங், அழுகாமக் காப்பாத்துனனுங்” என்றான் கருப்பணன். அவன் அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். பேச்சில் அவனை ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

கிணறு வற்றியது. சுற்றிப் போர் போட்டார்கள், ஆயிரம் அடிக்குக் கீழே போயும் புழுதிதான் வந்தது. கிணற்றை ஒட்டிப் பொதுவில் கிடந்த நிலத்தில் பதினொரு பேரும் சேர்ந்து ஒரு ஷெட்டுப் போட்டோம். அப்போது ஊரே பனியன் கம்பெனிக்கு இடம் தேடி அலைந்தது. ரஹீம் பாய் வாடகைக்கு வந்தார். துணி ரோல் வாங்கி அடுக்கி விற்கிற வியாபாரம். வாடகையை ஐந்தாம் தேதிக்கு மேல் தாண்ட விடமாட்டார். அதை என் கையில் கொடுப்பார், நான் பதினொரு கவரில் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றைக்குப் பொழுது சாயும்போது என் கையில் ஒரு ரூபாய் நிற்காது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிணற்றை எப்படி இறைத்தோமோ அப்படியே ஷெட்டையும் இறைத்தோம். கண்ணு, தண்ணீர் முறை தெரிந்தவர்கள் கட்டடம் கட்டினால் செய்கிற தப்பு அதுதான்.

ஐப்பசி மழை ஒன்று பிடித்தது. கூரைத் தகரம் இரண்டு இடத்தில் துருப்பிடித்து ஓட்டை. ரஹீம் பாயுடைய வெள்ளைத் துணி ரோல் முழுவதும் நனைந்து காவிக் கறை ஏறிவிட்டது. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், கோபப்படக்கூட இல்லை. நான் பதினொரு வீட்டுக்கும் நடந்தேன், தகரத்துக்கு ஆளுக்கு இவ்வளவு கொடுங்கள் என்று. ஒருத்தர் வீட்டில் சீமந்தம், ஒருத்தர் வீட்டில் மாடு செத்துவிட்டது. கருப்பணன் வாசலில் நின்று கேட்டான், “கெணத்துல எறைக்கறப்ப நாளைக்கு வேணும்னு ஒரு கொடம் உள்ளயே உட்டுட்டு வந்தமாங்க? இப்ப மட்டும் என்ன புதுசா?”

பின்னாலேயே வந்து நின்ற ரஹீம் பாய் சொன்னார், “அண்ணா, கெணறு தானா ஊறுமுங்க. தகரம் தானா மொளைக்காதுங்க.”

அதற்கப்புறம் வாடகையில் பத்தில் ஒன்றை எடுத்து வைத்தோம். கிணற்றுக்குத் தூர் வாருவது போல என்று அதற்குத் தூர்க்காசு என்றே பெயர் வைத்தோம். போனில் இதைச் சொன்னபோது நீ “ஏனுங்கப்பா, நம்ம ஷெட்டு அப்பவே டிரஸ்ட்டுங்களா” என்று சிரித்தாய். ஆமாம். பேர்தான் தெரியாது.

அடுத்தது, கடன். ரஹீம் பாய்க்கு வியாபாரம் பெருத்தது. இன்னொரு ஷெட்டுப் போட்டுக் கொடுத்தால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். தூர்க்காசில் தகரம் மாற்றலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், ஷெட்டுப் போட முடியாது. பெருமாநல்லூரில் ஒரு பைனான்ஸ்காரரிடம் போனோம். மாதா மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், அசலை மூன்றாம் வருஷம் மொத்தமாகக் கட்ட வேண்டும், அல்லது புதுப்பித்துக்கொள்ளலாம் என்றார். எங்களுக்கு அது தேன் மாதிரி இருந்தது. அசலையும் மாதா மாதம் கட்டினால் கவரில் போட ஒன்றும் மிஞ்சாது. நீயும் அதையே சொன்னாய், உங்கள் கடனும் பெரும்பாலும் அப்படித்தான், தவணை முடிந்தால் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைப்போம் என்று. சரிதான் கண்ணு. வெயில் அடிக்கிற வரைக்கும் எல்லோரும் கூரையைப் பார்க்காமல்தான் இருப்பார்கள். கடன் புதுப்பிக்கிற நாள் நாம் பார்த்து வைக்கிற நல்ல நாளில் வராது. அது எந்த நாளில் வருமோ அந்த நாளில்தான் வரும்.

எங்களுக்கு வந்தது ஆர்டர் படுத்துக் கிடந்த சமயத்தில். ஊரில் பாதி கம்பெனி ஒரு ஷிஃப்டுதான் ஓட்டியது. வடக்கிலிருந்து வந்த பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். ரஹீம் பாய் இரண்டாவது ஷெட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு முதல் ஷெட்டை மட்டும் வைத்துக்கொண்டார். “மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்கண்ணா, சரக்கு இல்லாம எடத்துக்கு வாடக கட்ட முடியலீங்க” என்றார். காலி ஷெட்டு ஆறு மாதம் கிடந்தது. கருப்பணன் அதில் அவன் ஆடுகளைக் கட்டினான். பைனான்ஸ்காரர் புதுப்பிக்கிறதுக்கு முன்னால் இடத்தைப் பார்க்கிறேன் என்று வந்த அன்றைக்கு, ஷட்டரைத் தூக்கினால் உள்ளே பதினேழு ஆடு அசைபோட்டுக்கொண்டு எங்களைப் பார்க்கிறது. கருப்பணன் கொஞ்சமும் அசரவில்லை. “புது டெனண்ட்டுங்க, அட்வான்ஸ் மட்டும் இன்னும் குடுக்கலீங்க” என்றான். பைனான்ஸ்காரர் சிரிக்கவில்லை. ஷெட்டு மதிப்பு இறங்கிவிட்டது, பாதி அசலைக் கட்டுங்கள், மீதிக்குத்தான் புதுப்பிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விற்றுவிடலாம் என்று பார்த்தோம். உன் மூன்று வழியில் அதுவும் ஒன்றுதானே. ஆட்டு நாற்றம் அடிக்கிற காலி ஷெட்டுக்குக் கேட்டவன் எல்லாம் பாதி விலைக்குக் கேட்டான். பாக்கி இருந்தது ஒரே வழி. புதுப் பங்கு போடுவது.

இனிமேல் எழுதுவதைத்தான் மூன்று நாளாக எழுதவிடாமல் கை இழுக்கிறது. நேற்று இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்க் நூல் சுற்றி வந்த காலி கோன் அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த அட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை.

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த ஒருவர், நமக்குத் தூரத்து உறவு, பணம் போடுகிறேன் என்றார். மூன்று பங்கு கேட்டார். வெளியே கேட்கிற பாதி விலையில் மொத்தம் ஐந்து பங்கு போட்டால்தான் அந்தப் பாதி அசல் அடையும். மீதி இரண்டு பங்கை நம் பதினொரு பேரில் யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரையும் கேட்டேன். கேட்டேன், அதை மறுக்கவில்லை. எவனிடமும் பணமில்லை. என்னிடம் இருந்தது, உன் காலேஜுக்கு என்று உன் அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்தது. பங்குக்கு அந்த விலை சரிதானா என்ற பேச்சு வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், வாடகை வாங்கிப் பிரிக்கிறவன் நான்தானே. ஷெட்டு காலியாக இருக்கிறது, யாரும் வரப்போவதில்லை, அதனால் பாதி விலைதான் நியாயம் என்று நான் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள், அந்த இரண்டு பங்கையும் நானே எடுத்துக்கொண்டேன்.

நான் அதைச் சொல்லும்போது என் சட்டைப்பையில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தது. முந்தின நாள் காலையில் ரஹீம் பாய் டீக்கடையில் வைத்து என் கையில் வைத்து அழுத்தினது. “ஒரு பெரிய ஆர்டரு கெடச்சிருக்குதுங்கண்ணா. மாசம் பொறந்தா ரெண்டாவது ஷெட்டுலயும் சரக்கு எறக்கறனுங்க. வேற ஆருக்கும் குடுத்துராதீங்க, இது டோக்கனுங்க.” அந்த நோட்டை நான் வீட்டில் வெளியே எடுக்கவில்லை, செலவழிக்கவும் இல்லை. பத்திரம் எழுதி முடிகிற வரைக்கும் நாலு நாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா துவைக்கக் கேட்டாள், அப்புறம் என்றேன். சொல்லியிருந்தால் பங்கு விலை ஏறியிருக்கும். ஐந்து பங்குக்குப் பதிலாக மூன்று போட்டாலே அசல் அடைந்திருக்கும், அதைக் காங்கேயத்தார் ஒருவரே எடுத்திருப்பார். எனக்கு இரண்டு பங்கு கிடைத்திருக்காது. அவ்வளவுதான் விஷயம். காங்கேயத்தாருக்கு இது தெரியாது. இன்றுவரைக்கும் ரஹீம் பாயும் நானும்தான் அந்த நோட்டைப் பார்த்தவர்கள். அவர் போன வருஷம் தவறிவிட்டார்.

பத்திரத்தில் உன் பெரியம்மாவும் கையெழுத்துப் போட்டாள். உன் பெரியப்பன் போய் அப்போது இரண்டு வருஷம். பிள்ளை இல்லாத வீடு, அந்த ஒரு கவர்தான் அவளுக்கு அரிசி, மருந்து எல்லாம். பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள், “எம்பட பங்கு கொறையுதுங்களா தம்பி?”

“இல்லீங் நங்கை. உங்க ஒரு பங்கு ஒரு பங்காவே இருக்குதுங்.”

நம்பினாள். அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுகிற வாயால்தான் அதைச் சொன்னேன். பதினொன்றில் ஒன்று பதினாறில் ஒன்றாகிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியாது கண்ணு. கணக்கு வராததால் இல்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்ததால் அவள் அதைக் கணக்குப் பார்க்கவே இல்லை.

மாதம் பிறந்தது, சரக்கு இறங்கியது, இரண்டு ஷெட்டிலும் வாடகை. ஊரே என்னைக் கெட்டிக்காரன் என்றது. கடனும் பாதியாகிவிட்டது, ஷெட்டும் நிறைந்துவிட்டது. நான் மூன்று கவரை என் வீட்டுக்குக் கொண்டுபோனேன், ஒன்றை உன் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “முந்தி ரெண்டு ஷெட்டு நெறஞ்சிருந்தப்ப வந்த கவரு இத்தன எளப்பா இருக்காதுங்களே தம்பி” என்றாள். நான் கடன், வட்டி, புதுப் பங்கு என்று என்னென்னவோ சொன்னேன். அவள் தலையாட்டினாள். அதற்கப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை. அடுத்த மாதம் கம்பெனி வேனில் ஏறி ஒரு பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனாள். அறுபதைத் தொடுகிற வயதில், காலையிலிருந்து நின்றுகொண்டே, சின்னக் கத்தரியால் துணியில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டுகிற வேலை. நீ காலேஜுக்குப் போன அன்றைக்கு உன் பையில் ஐந்து வெள்ளை பனியன் வைத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? கம்பெனியில் கழித்துப் போட்டதைச் சல்லிசாக வாங்கி, தையல் விட்ட இடத்தைத் தானே தைத்துக் கொடுத்தது. உன் பீஸ் அந்த இரண்டு கவரில் போனது. உன் பனியன் அந்த ஒரு கவரில் வந்தது. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் நான்.

சரிக்கட்டப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். பார்த்தேன், திருட்டுத்தனமாக. போன பொங்கலுக்கு அவள் கவரோடு இன்னொரு கவரைச் சேர்த்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது அவளுக்கு. அந்த விரல் எத்தனை பிசிறு வெட்டியது.

“இது என்னங் தம்பி?”

“சும்மா வெச்சுக்குங் நங்கை. பண்டிக நாளு.”

“எங்கூட்டுப் பங்குன்னாக் குடுங்க, வாங்கிக்கறன். உங்கூட்டுக் கருணைன்னா வேண்டாங்.” கவரைத் திண்ணமாக என் கையில் திருப்பி வைத்துவிட்டாள். பொங்கல் மட்டும் ஒரு தூக்குப்போசி நிறைய வைத்துக் கொடுத்தாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஷெட்டு வாசலில் உட்கார்ந்தே தின்று முடித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் போன வாரம் நீ போன் செய்தாய். சந்தோஷமாகப் பேசினாய். பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கிற ஷெட்டுகளையெல்லாம் உங்கள் டிரஸ்ட் வாங்கப்போகிறது, நம்முடையதும் அதில், பணம் வேண்டுமானால் பணம், யூனிட் வேண்டுமானால் யூனிட் என்று. அதற்குப் பணம் எங்கே என்று கேட்டேன். கடனை எல்லை வரைக்கும் வாங்கியாயிற்று, அதனால் புது யூனிட் போடுகிறோம், பெரிய ஆட்களுக்குக் கொஞ்சம் விலை குறைத்து என்றாய்.

“பழைய ஆளுங்களுக்கு என்னாகுங்கண்ணு?”

“அவங்க யூனிட் அப்படியேதானுங்கப்பா இருக்குது. அதுல ஒன்னும் கொறையாது.”

போனைக் கீழே வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். என் வாய்ச்சொல்லை உன் வாயில் கேட்டேன் கண்ணு. நீ என்னைப்போலச் செய்திருக்கிறாய் என்று சொல்லவில்லை. உங்களுக்குச் சட்டம் இருக்கிறது, எழுதிப் போடுகிறார்கள், கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, எனக்கு இருந்தது ஒரு சட்டைப்பை மட்டும். ஆனாலும் ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன், புத்திமதியாக வேண்டாம், காலில் முள் குத்தினவன் இடத்தைக் காட்டுவதாக வைத்துக்கொள். கட்டடம் எத்தனை கூடியது என்று பார்க்காதே. ஒரு பங்குக்கு வருகிற வாடகை கூடியதா என்று பார். நல்ல விலைக்குப் பங்கு போட்டு நல்ல கட்டடம் வாங்கினால் பழைய ஆளுடைய கவரும் தடிக்கும், அது வளர்ச்சி. கவர் இளைத்துக் கட்டடம் பெருத்தால் யாரோ ஒருத்தி வேன் ஏறப் போகிறாள். அப்புறம், விலை வைக்கிறவன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று கேள். அவன் உன் மேலதிகாரியாக இருந்தாலும் கேள். அப்பனாக இருந்தாலும் கேள்.

நான் செய்யப்போவது இது. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டு பேச்சை எடுப்பதற்கு முன்னால், எல்லோர் நடுவிலும் அந்த ஐந்நூறு ரூபாய்க் கதையைச் சொல்லப்போகிறேன். அந்த இரண்டு பங்கில் ஒன்றை உன் பெரியம்மா பேருக்கு எழுதிவிடுகிறேன். இன்னொன்றை மற்ற ஒன்பது பேரும் பிரித்துக்கொள்ளட்டும், அவர்களும்தானே ஏமாந்தார்கள். உனக்கு மிஞ்சுவது ஒரே பங்கு, கிணற்றில் எனக்கு என் அப்பன் விட்டுப்போன அதே ஒன்று. இத்தனை வருஷம் அந்த இரண்டு பங்கில் வந்த வாடகையைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் இல்லை, அது உன் படிப்பாக உன்னிடம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நீ பார்த்துக்கொள். ஷெட்டு யூனிட்டாக மாறிவிட்டால் அப்புறம் ஊருக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்துவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அது கருணையாகிவிடும், அவள் வாங்கமாட்டாள். பங்கு என்று வாங்க வேண்டுமானால் நான் திருடினேன் என்று அவள் காதில் விழ வேண்டும். வேறு வழி இல்லை, தேடிப் பார்த்துக் களைத்துவிட்டேன்.

விற்கிற விஷயமும் இருக்கிறது. நேற்று அவளிடம் யூனிட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பணம் பேங்குக்கு வரும், விலை தினமும் போனில் ஏறும் இறங்கும், ஒரு கட்டடம் காலியாக இருந்தாலும் மற்றது கொடுக்கும் என்று. பொறுமையாகக் கேட்டாள். “நல்லதாத்தான் இருக்குதுங். ஷெட்டு ஒழுகுனா உங்கூட்டுக் கதவத் தட்டிக் கேப்பனுங் தம்பி. யூனிட்டு ஒழுகுனா ஆரு கதவத் தட்டறதுங்?” என்றாள். உன் கதவு என்று சொல்ல வாய் வந்தது, உன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டேன். அவள் சரி என்றால் என் கையெழுத்து சரி. அவள் வேண்டாம் என்றால் என் பங்கும் வேண்டாம்தான். உன் ஆபீசில் உனக்குப் பேச்சு வரும் என்று தெரியும். அப்பன் பிழைக்கத் தெரியாதவன் என்று சொல்லிவிடு. இத்தனை நாள் பிழைக்கத் தெரிந்தவன் என்று பேர் வாங்கிப் பார்த்தாயிற்று, அதில் தூக்கம் வரவில்லை.

இன்றைக்கு ஞாயிறு. இதை முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று காலையிலேயே வந்துவிட்டேன். கட்டிங் மெஷின் இன்றைக்கு லீவு, அந்தச் சத்தம் இல்லாமல் காது என்னவோ போல இருக்கிறது. வெளியே நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். கருப்பணன் குரல்தான் மேலே கேட்கிறது. டிரஸ்ட்காரர்கள் ஆட்டையும் சேர்த்து விலைக்கு எடுத்துக்கொள்வார்களா என்று காங்கேயத்தாரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அவனும் என்னைப் பார்த்துப் பேசமாட்டான் போல இருக்கிறது. பேசாவிட்டால் பேசாமல் போகட்டும். நீ மட்டும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து உன் பெரியம்மாவைப் பார். அந்த பனியன் ஒன்றாவது பாக்கி இருந்தால் போட்டுக்கொண்டு வா. கண்ணு, எழுந்திருக்கத்தான் முதுகு விடமாட்டேன் என்கிறது, அது முதுகா பயமா என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்ன காலத்தில்கூட நான் அதை மாற்றவில்லை, இதோ இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் மேசை மேல்தான் இருக்கிறது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு

“தம்பி, அல்லாரும் வந்தாச்சுங். உங்களுக்குத்தான் பாத்துக்கிட்டிருக்கறம்.” உன் பெரியம்மாதான் வாசலில் நிற்கிறாள். மேசையில் இருக்கிற நோட்டைப் பார்த்துவிட்டு, “இது எதுக்குங், செல்லாத நோட்டு?” என்று கேட்கிறாள். நான் அவளிடம், “இது உங்க பங்குங் நங்கை, வாங்க, அல்லாரு முன்னாலயும் சொல்றனுங்” என்று சொல்லிவிட்டு நோட்டோடு எழுந்திருக்கிறேன், மீதியை நீ நேரில் வந்து கேள்.